ஒரு காருக்கு இரண்டு பக்கம்

பிறந்த வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர். நாலு பேர் கூடியிருக்கும் அறைக்குள் போக வேண்டுமென்றால், கதவுக்குப் பின்னால் நின்று மூச்சை ஒரு தடவை இழுத்து விட்டுக்கொண்டுதான் நுழைவாள். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான் பதில். பெண் பார்க்க வந்தவர்கள்கூட, பொண்ணு பேசுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார்கள். அப்படிப்பட்டவளுக்கு, ஓயாமல் கத்திக் கத்தித் தொண்டைக்குள் காய்ப்பு விழுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அவளுடைய அம்மா நம்பவில்லை. "இவளுக்கா? பேசியா?" என்று கேட்டுவிட்டு, அந்த டாக்டர் வேறு யாருடைய தொண்டையையோ பார்த்துச் சொல்கிறாரோ என்று சந்தேகப்பட்டாள்.

பேசிப் பேசித்தான் வந்தது. ஆனால் அதில் அவளுடைய பேச்சு கால்வாசிகூட இருக்காது.

அவள் புருஷனும் மூத்தாரும், அதாவது புருஷனின் அண்ணனும், சேர்ந்து டயர் கடை வைத்திருந்தார்கள். டயர் மாற்றுவது, சக்கரம் கழற்றி மாட்டுவது, பிரேக் பார்ப்பது என்று கீழ்ப்பக்க வேலை எல்லாம் செய்வார்கள். கடை என்றால் உயரமான ஒரு தகரக் கொட்டகை. நடுவில் காரைத் தூக்குகிற லிஃப்ட், ஒரு மூலையில் எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் கம்ப்ரஸர், இன்னொரு மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் அவளுடைய மேசை. போன் எடுப்பது, வண்டி கொண்டுவருபவர்களிடம் என்ன வேலை என்று கேட்பது, சாமான் வரவழைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. இவை அத்தனையும் சேர்ந்தாலும் பெரிய வேலை இல்லை. பெரிய வேலை, அண்ணனும் தம்பியும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்பது.

அவர்களுடைய அப்பா ஓட்டிய பழைய வேன் ஒன்று கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஒருநாள் மூத்தார் அதை விற்றுவிட்டார். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த வண்டிதான், ஓடவும் இல்லை. ஆனால் தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்த தம்பி, "ஒரு வார்த்தை கேக்காம வித்தேல்ல? இனிமே நமக்குள்ள வார்த்தை எதுக்கு" என்றான். அன்றைக்கு நின்ற பேச்சு. அப்போது அவள் மடியில் கிடந்த பிள்ளை இப்போது வேலைக்குப் போகிறான்.

பேச்சு நின்றதே தவிர கடை நிற்கவில்லை. கடையைப் பிரிக்க இருவருக்கும் மனசில்லை. அதனால் காரைப் பிரித்துக்கொண்டார்கள். எந்த வண்டி வந்தாலும் இடது பக்கம் தம்பிக்கு, வலது பக்கம் அண்ணனுக்கு. போல்ட்டை முறுக்கி முடித்ததும் அடையாளத்துக்கு ஒரு பெயிண்ட் கோடு போடுவார்கள். தம்பி போடுவது மஞ்சள், அண்ணன் போடுவது வெள்ளை. ஊரில் எந்தக் காருக்கு இடது பக்கம் மஞ்சளும் வலது பக்கம் வெள்ளையும் தெரிந்தாலும் அது இவர்கள் கடை வண்டி என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் முடிந்தால்தானே லிஃப்ட்டை இறக்க முடியும்? அதற்கு அவள் எழுந்து வந்து, கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் தொண்டையைத் தூக்கி, இந்தப் பக்கம் ஆச்சா என்று கேட்க வேண்டும், அந்தப் பக்கம் ஆச்சா என்று கேட்க வேண்டும். இருவரும் அவளுக்குப் பதில் சொன்ன பிறகு அவளே பொத்தானை அமுக்குவாள்.

அது மட்டும் என்றால் தாங்கியிருக்கலாம். மூத்தாரை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். "உங்க மாமாகிட்ட சொல்லு" என்று ஒரு பக்கத்திலிருந்தும், "உன் புருஷன்கிட்ட சொல்லும்மா" என்று மறுபக்கத்திலிருந்தும் வந்துகொண்டே இருக்கும். வருகிறபடியே கொண்டுபோய்ச் சேர்க்கவும் முடியாது. உங்க மாமாவுக்குக் கண்ணு இருக்கா, முகத்துல புண்ணா என்று புருஷன் கேட்டால், "மாமா, அந்த வால்வை ஒருதரம் பாக்கச் சொல்றார்" என்பாள். கத்தியைக் கைப்பிடிப் பக்கம் திருப்பி நீட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லையும் திருப்பி நீட்ட வேண்டும். திருப்புகிற கையில் கொஞ்சம் கீறல் விழத்தான் செய்யும். ஆரம்பத்தில் மூத்தாரின் மனைவி, அவளுடைய ஓரகத்தியும் இந்தத் தூதில் பங்கெடுத்தாள். கொஞ்ச நாளிலேயே, "மத்தளத்துக்குத்தான் ரெண்டு பக்கமும் அடி. எனக்கு என்ன தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு வீட்டோடு இருந்துகொண்டாள். இவளுக்கு அப்படிச் சொல்லிவிட்டுப் போகத் தெரியவில்லை.

தொண்டை டாக்டர் ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார். கிசுகிசுக்கவும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். இந்தத் தடவை தானாக வற்றிவிடும் போலத்தான் இருக்கிறது, ஆனால் மறுபடி இதே மாதிரி கத்தினால் ஆபரேஷன்தான் என்றார். "அதுக்கப்புறம் குரல் எப்படி வரும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாதும்மா. வீட்ல சண்டை ஜாஸ்தியோ?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். சண்டை போட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு வாரம் என்பதை மனசுக்குள் வைத்து வைத்துப் பார்த்தாள். பயமாகவும் இருந்தது, யாரோ கட்டிலில் விரிப்பை விரித்துப் படு என்று சொன்ன மாதிரி ஆசுவாசமாகவும் இருந்தது.

கடையில் விஷயத்தைச் சீட்டில் எழுதி இருவரிடமும் காட்டினாள். புருஷன் படித்துவிட்டு, "ஒரு வாரமா?" என்று தலையைச் சொறிந்தான். மூத்தார் போய்ப் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிவந்து அவள் மேசையில் வைத்தார். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. அவள் ஒரு ஸ்பேனரை எடுத்து லிஃப்ட் தூணில் ஓங்கித் தட்டிக் காட்டினாள். தட்டினால் 'ஆச்சா' என்று அர்த்தம். அப்படியே நாட்கள் ஓடின. டயருக்கு டயர் மாற்றுகிற வேலையில் பேச என்ன இருக்கிறது?

அந்த வாரத்தில்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பச்சை வண்டி. யாரோ ஓட்டிச் சலித்ததை வாங்கியிருந்தார். அதிலிருந்து அவர் இறங்குவதைப் பார்த்தால் கிணற்றிலிருந்து ஏறுவது போல இருக்கும். முதலில் ஒரு கால், பிறகு ஒரு கை, பிறகு ஒரு பெருமூச்சு, கடைசியில் ஆள். வண்டி பின்னாலிருந்து பார்க்க ஒல்லியாகத் தெரிகிறது என்பது அவருடைய நீண்ட நாள் மனக்குறை. அதற்காக நான்கு சக்கரத்துக்கும் ஸ்பேசர் வாங்கிவந்திருந்தார்.

ஸ்பேசர் என்பது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினிய வட்டு. சக்கரம் உட்காருகிற ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அதை வைத்து முறுக்கினால் சக்கரம் வட்டின் கனத்துக்கு வெளியே தள்ளி நிற்கும். வண்டி காலை அகட்டி நிற்பது போலத் தெரியும். வட்டு எவ்வளவு கனமோ அவ்வளவுக்குப் போல்ட்டும் நீளமாக வேண்டும், இல்லையென்றால் மரை பிடிக்காது. அவர் போல்ட்டோடு சேர்த்தே வாங்கியிருந்தார். இரண்டு வட்டு மெல்லியது, இரண்டு வட்டு தடிமன்.

"சின்னது முன்னாடி, பெரிசு பின்னாடி. மாத்திடக் கூடாது" என்று அவளிடம் சொன்னார். இந்தக் கடையில் எதையும் அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பின்பக்க மட்கார்டு அகலம், பெரிய வட்டைத் தாங்கும், முன்பக்கம் தாங்காது, திருப்பும்போது டயர் மட்கார்டு விளிம்பில் போய் உரசும் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கே மகளை ஹாஸ்டலிலிருந்து கூட்டிவரப் போகிறாராம், நெடுஞ்சாலையில் ஒரு பிடி பிடித்துக் காட்டப் போகிறாராம். "என்னங்க, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறீங்க? வண்டி பிடிக்கலையா?" என்று கேட்டார். தொண்டை சரியில்ல சார் என்று அப்போதுதான் வண்டிக்கு அந்தப் பக்கம் வந்த புருஷன் சொன்னான்.

கார் லிஃப்ட்டில் ஏறிச் சக்கரங்கள் கழன்று வந்தன. அவள் ஒரு மெல்லிய வட்டும் ஒரு தடித்த வட்டும் அதற்கான போல்ட்டுகளுமாக இரண்டு பங்கு பிரித்து, ஒன்றைப் புருஷனின் தள்ளுவண்டியில் வைத்தாள். அவன் இரண்டு வட்டையும் இரண்டு கையில் தூக்கிப் புருவத்தை உயர்த்தினான். அவள் மெல்லியதைத் தட்டி, காரின் மூக்கைக் காட்டினாள். அவன் சரி என்றான்.

இன்னொரு பங்கை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து மூத்தாரின் தள்ளுவண்டியில் வைத்தாள். அவர் ஹப்பில் படிந்திருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். துரு இருந்தால் வட்டு சமமாக உட்காராது, சக்கரம் ஆடும் என்று அதற்கே நெடுநேரம் எடுத்துக்கொள்வார். அவள் மெல்லிய வட்டைத் தட்டுவதற்குக் கையை எடுத்தபோது அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். இரவெல்லாம் இருமியிருந்தாள், கண்ணின் கீழ் கருத்திருந்தது.

"நீ போய் உக்காரும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவள் நின்றாள். இன்னும் ஒரு கை அசைவுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் இந்தக் கொட்டகையில் யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை அது. பார்த்துக்கொள்ளட்டுமே என்று தோன்றிவிட்டது. போய் உட்கார்ந்தாள். மேசை மேல் தலையைச் சாய்த்தாள்.

எதை எங்கே வைப்பதென்று மூத்தார் தன் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார். லிஃப்ட்டில் தூக்கிய காரில் சக்கரம் தொங்கும்போது முன்பக்கம் விசாலமாகத் தெரியும், கார் தரையில் அமுங்கிய பிறகுதான் இடுக்கு தெரியும். தொங்குகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் விரலை விட்டுப் பார்த்தார், தாராளமாகப் போனது. தடித்த வட்டை முன்னால் வைத்தார். தம்பி எதை வைக்கிறான் என்று காரின் அடியில் குனிந்தாலே தெரிந்திருக்கும். அவர் குனியவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்கலாம், ஆனால் பாவம் தொண்டை சரியில்லாத பிள்ளை என்று விட்டுவிட்டார்.

இரண்டு பக்கமும் சுத்தமான வேலைதான். ஒரு போல்ட்டை விட்டு எதிர்ப் போல்ட், அதை விட்டு அடுத்தது என்று மாற்றி மாற்றி முறுக்கினார்கள். போதும் என்கிற இடத்தில் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சத்தம் போடும். இடது பக்கம் ஒரு டக், வலது பக்கம் ஒரு டக். கேட்பவர்களுக்கு இரண்டு பேர் ஏதோ பேசிக்கொள்வது போலத்தான் இருக்கும். மஞ்சள் கோடு விழுந்தது, வெள்ளைக் கோடு விழுந்தது. அவள் தூணில் தட்டினாள். ஆச்சு என்றான் புருஷன். ஆச்சும்மா என்றார் மூத்தார். லிஃப்ட் இறங்கியது.

கண்ணாடிக் கடைக்காரர் காரைச் சுற்றி வந்தார். ஒரு பக்கத்தைப் பார்த்தார், ரொம்ப நன்றாயிருக்கிறது என்றார். மறுபக்கத்தைப் பார்த்தார், அதுவும் நன்றாயிருக்கிறது என்றார். ஊருக்கே பார்வை திருத்துகிறவர்.

கார் வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பும்போதுதான் அவள் அதைப் பின்னாலிருந்து பார்த்தாள். இடது பின்சக்கரம் மட்கார்டோடு ஒட்டி வெளியே நின்றது. வலது பின்சக்கரம் உள்ளே வாங்கியிருந்தது. ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுமையுமாக ஒருத்தர் நடந்துபோகிற மாதிரி இருந்தது. பின்னால் இப்படியென்றால் முன்னால் எப்படி என்று யோசிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தாள். கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. அதற்குள் கார் முனையில் மறைந்தது. கத்த முடியாமல் போனதா, கத்தாமல் இருந்தோமா என்று அவளுக்கே பிறகு பிடிபடவில்லை.

ஓடிவந்து புருஷனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். மூத்தாரைக் கையசைத்துக் கூப்பிட்டாள். இருவரையும் நடுக்கொட்டகையில் நிறுத்திவிட்டுக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நெருக்கிச் சின்னது என்று காட்டினாள். புருஷனைக் காட்டினாள், முன்பக்கம் என்று காட்டினாள். பிறகு மூத்தார் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள்.

"முன்னாடி பெரிசுதான் போட்டேன். ஏன்?" என்றார் அவர், அவளிடம்.

புருஷனுக்கு முகம் மாறியது. "உங்க மாமாகிட்ட சொல்லு, சின்னதுதான் முன்னாடின்னு" என்றான், அவனும் அவளிடம்.

அவள் அவனையே பார்த்தாள். அவன் அதையே கொஞ்சம் சத்தமாக மறுபடி சொன்னான், அவளுக்குக் காது கேட்காதது போல. கம்ப்ரஸர் நிரம்பித் தானே நின்றது. அவளுக்குக் கால் வலித்தது. கண்ணாடித் தடுப்புக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

இருவருக்கும் தொழில் தெரியும். வளைவில் கார் சாயும்போது அந்த வலது முன்சக்கரம் மட்கார்டு விளிம்பில் உரசும். மெதுவாகப் போனால் சத்தத்தோடு போகும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால், கயிற்றில் அரிவாளை வைத்து இழுத்தது போல டயர் அறுந்துவிடும். திரும்பி வரும்போது பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

மூத்தார் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"நீ பின்னாடி எதைப் போட்ட?" என்றார்.

புருஷன் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். யாரும் இல்லை.

"பெரிசு."

"நான் சின்னது."

"அப்ப அந்தப் பக்கம் முன்னாடி தேய்க்குமே."

"தேய்க்கும். அவருக்குப் போன் போடு."

அவ்வளவுதான். இத்தனை வருஷத்துக்கு அவ்வளவுதான். புருஷன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, போல்ட்டை இன்னொரு தரம் முறுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது, உடனே திருப்பிக் கொண்டுவாருங்கள், மெதுவாக வாருங்கள் என்றான். அதிலும் பொய் இல்லை. ஸ்பேசர் போட்ட வண்டியைக் கொஞ்ச தூரம் ஓடவிட்டு மறுபடி முறுக்கத்தான் வேண்டும்.

கண்ணாடிக் கடைக்காரர் வந்து இறங்கி, என்ன பொறுப்பு, என்ன பொறுப்பு என்று மெச்ச ஆரம்பித்தார். மூத்தார் அவரை மெச்சவிடவில்லை. "வலது பக்கம் மாத்திப் போட்டுட்டேன் சார். என் தப்பு" என்றார். சொல்லிவிட்டுக் காரைத் தூக்கினார். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தம்பியும் வலது பக்கத்துக்கே வந்தான். முன்சக்கரம் ஒருவர், பின்சக்கரம் ஒருவர் என்று இருவரும் ஒரே பக்கத்தில் குனிந்து நின்றார்கள். கழற்றிய வட்டை ஒருவருக்கொருவர் நீட்டி மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நீட்டும்போதுதான் ஆரம்பித்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றான் புருஷன்.

"யாரை?"

"இங்க வேற யாரு இருக்கா? என்னைத்தான்."

"நீதான் பேச மாட்டியே."

"நீ வேனை விக்கும்போது நான் பேசிக்கிட்டுத்தானே இருந்தேன். அப்ப கேட்டியா?"

வேன் வந்துவிட்டது. அது வந்தால் பிறகு எதுதான் வராது? அப்பாவின் கடைசி நாட்கள், யார் எவ்வளவு பார்த்தது, யார் கல்யாணத்தில் யார் முகம் கொடுக்கவில்லை என்று வரிசையாக வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த டயர் விளம்பரத்தைப் பரீட்சைக்குப் படிப்பவர் போலப் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் மூத்தார் தலையைத் தூக்கி, "ஏம்மா, இவன்கிட்ட சொல்லு, வேன் தரையெல்லாம் துரு பிடிச்சு ஓட்டையாயிருந்துச்சுன்னு" என்று கண்ணாடித் தடுப்பைப் பார்த்துச் சொன்னார். "நான் இங்கதானே நிக்கிறேன், என்கிட்டயே சொல்லேன்" என்றான் தம்பி. அவள் வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. திருப்பி நீட்ட ஆளில்லாததால் கத்திகள் நேராகவே போய்ப் பட்டன. பட்டும் இருவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள், போல்ட்டை மாற்றி மாற்றித்தான் முறுக்கினார்கள்.

கார் போன பிறகு மறுபடி மௌனம்தான். அடுத்த நாட்களில் வண்டிக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் பேசினார்கள். முன்னாடி? ஆச்சு. பின்னாடி? இரு. சக்கரம் தரையைத் தொட்டதும் பேச்சு நின்றுவிடும். மற்றதையெல்லாம் புருஷன் அவளுக்கென்று சேர்த்துவைத்துக்கொண்டிருந்தான். தொண்டை சரியானதும் இதைக் கேட்கணும், அதைச் சொல்லணும் என்று சாப்பிடும்போது அவளிடம் சொல்வான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

வாரம் முடிந்ததும் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். வற்றிவிட்டது, பேசலாம் என்றார். கத்தினால் முன்பு சொன்னதுதான் என்றார். எங்கே, ஏதாவது பேசுங்கள் பார்க்கலாம் என்றார். என்ன பேசுவதென்று தெரியாமல், "சரிங்க" என்றாள். குரல் வேறு யாருடையதோ போலக் கரகரத்தது.

சாயங்காலம் புருஷன் வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"பேசலாம்னு சொன்னார்."

அவன் முகம் மலர்ந்தது. "அப்பாடா. நாளைக்கு முதல் வேலையா உங்க மாமாகிட்ட…"

"கடையில பேச மாட்டேன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "போன்ல பேசறேன், வர்றவங்ககிட்ட பேசறேன். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல பேச மாட்டேன். என்னால முடியலங்க."

அவன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், அதற்கும் பதில் சொல்லத் தெம்பில்லை. அவன் கோபப்படவில்லை.

"காலையில ஒரு லாரி வருது. சீக்கிரம் தெறக்கணும். அதை யாரு சொல்றது?" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி.

அவள் கரண்டிகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள். தண்ணீர் ஓடும் சத்தத்தில் அவன் முன்னறைக்குப் போவது கேட்டது. உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். பிறகு போனில் அவன் குரல் கேட்டது. நான்தான் என்றுகூடச் சொல்லவில்லை.

"காலையில லாரி வருது. சீக்கிரம் வந்துடு" என்றான். அந்தப் பக்கம் என்ன பதிலோ, கொஞ்சம் இடைவெளி விட்டு, "சரிண்ணே. அவளா? நல்லாயிட்டாளாம். ஆனா பேச மாட்டாளாம்" என்றான்.

அவள் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.